மூன்று சுருள் கயிறு

யட்டவத்த கிராமத்தில் பிறந்தவனுக்குப் பனிக்கட்டி என்றால் ஐஸ்பழ வியாபாரியின் பெட்டிதான் நினைவுக்கு வரும். மிளகுக் கொடிகளும் கொக்கோ மரங்களும் சூழ்ந்த அவ்வூரில், மார்கழி விடியற்காலைக் குளிருக்கே போர்வை தேடுகிறவர்கள் நாங்கள். அத்தகைய ஒருவன் பனியாற்றின்மீது நடக்கப் பயிலப் போகிறேன் என்றதும் என் அன்னையார் முதலில் நகைத்தார், பின்னர் அழுதார்.

2016ஆம் ஆண்டு மே மாதம், ஜயந்தி குரு உதும்பால என்னும் பெண்மணி இலங்கையருள் முதல்வராக எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். அச்செய்தியே என்னுள் இவ்வாசையை மூட்டிற்று. மறு ஆண்டு டார்ஜிலிங்கிலுள்ள இமாலய மலையேறும் பயிற்சி நிலையத்தில் 28 நாள் ஆரம்பப் பயிற்சியிற் சேர்ந்தேன். 1954இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தின் களப்பயிற்சிக்கு முதல் இயக்குநராயிருந்தவர் டென்சிங் நோர்கே. சிக்கிமிலுள்ள யுக்சம் என்னும் ஊரிலிருந்து நடந்து, ராத்தோங் பனியாற்றுக்கு அருகிலுள்ள சௌரிக்காங் பாசறையை அடைந்தோம். அதன் உயரம் ஏறத்தாழ 14,600 அடி. நம் பிதுருதலாகலையோ 8,281 அடிதான்!

பனியாறு என்பது மிக மெதுவாக நகரும் பனிக்கட்டித் திரள். நகரும்போது அது சரிவுகளிற் பிளவுபடும். பிளவின் வாயைப் புதுப்பனி மூடிவிட்டால் தரை எது, குழி எது என்று தெரியாது. ஆகவே அங்கே எவரும் தனியே நடப்பதில்லை. மூவரோ நால்வரோ ஒரே கயிற்றிற் பிணைந்து, இடைவெளி விட்டு, பனி இறுகியிருக்கும் விடியற்பொழுதிலேயே புறப்படுவர். முன்னவர் கோடரிக் காம்பாற் குத்திப் பார்த்தே அடி வைப்பார். இருவருக்கிடையே கயிறு விறைத்தும் இருத்தலாகாது, தொய்ந்தும் கிடத்தலாகாது. அதன் நடுப்பகுதி பனியை மெல்லத் தொட்டுக்கொண்டு வரவேண்டும். முன்னவரின் நடைக்கு நம் நடை இசைந்தாலன்றி இது கைகூடாது. மூச்சு வாங்கும் அவ்வுயரத்தில் அஃது எத்துணைச் சிரமம் என்பதைப் பட்டவர்களே அறிவர்.

எங்கள் கயிற்றில் முன்னே ஒரு கொல்கத்தா இளைஞர், பின்னே ஒரு மதுரைக்காரர், நடுவில் நான். என் காலணியின் இரும்பு முட்கள் கயிற்றை மிதித்து அறுத்துவிடுமோ என்று அஞ்சினேன். கையிற் சுருள் வைத்திருக்கலாகாது என்று ஆசிரியர் பன்முறை கூறியிருந்தும், தொய்ந்த கயிற்றை மூன்று சுருளாகப் பற்றிக்கொண்டேன்.

சற்றைக்கெல்லாம் முன்னவர் மறைந்தார்! சத்தம்கூட இல்லை. சுருள்கள் என் கையிலிருந்து பறந்தன. மறுகணம் நான் குப்புற விழுந்து இழுபட்டேன். பயின்றபடி கோடரியின் அலகைப் பனியிற் பதித்து, அதன்மேல் நெஞ்சை அழுத்தினேன். பின்னாலிருந்த மதுரைக்காரரும் விழுந்து அழுத்தினார். நின்றது.

ஆசிரியர் ஓடிவந்து பனியில் முளையடித்து, பாரத்தை அதற்கு மாற்றினார். கயிறு விளிம்பை அறுத்துப் புதையாதிருக்க அதன் அடியில் ஒரு கோடரியைக் கிடத்தி, கப்பி கட்டி இழுத்தோம். உதடு கிழிந்த நிலையில் நண்பர் மேலே வந்தார். இரண்டாள் ஆழம் விழுந்திருந்தார். சுருள் இல்லாதிருந்தால் இடுப்பளவோடு நின்றிருப்பார்.

அன்று மாலை எல்லாரும் என்னைப் பாராட்டினர். 1953இல் எட்மண்ட் ஹிலாரி பனிப்பிளவில் விழுந்தபோது டென்சிங் கயிற்றைப் பிடித்துத் தடுத்ததை ஒருவர் எடுத்துரைத்து, என்னை அவரோடு ஒப்பிட்டார். தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. சுருளை எவரும் கண்டிலர். மௌனமாயிருந்தால் அப்பெயர் எனக்கே நிலைத்திருக்கும்.

இரவு நண்பரின் கூடாரத்துக்குச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை சுருள்?" என்று மட்டும் கேட்டார். "மூன்று" என்றேன். விளக்கை அணைத்துவிட்டார்.

மறுநாள் விடியலில் கயிறு கட்டும்போது, இடம் மாற்றித் தருவதாக ஆசிரியர் கூறியும், அவர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். புறப்படுமுன் திரும்பி என் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

சென்ற விடுமுறையில் யட்டவத்தயில், தங்கையின் பிள்ளைகள் பனியாற்று விளையாட்டுக் கற்றுத்தரும்படி நச்சரித்தனர். தும்புக் கயிற்றால் மூவரையும் பிணைத்து மிளகுத் தோட்டச் சரிவில் நடத்தினேன். நடுவிலிருந்தவன் கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டான். விடச் சொன்னேன்.

"சேறு படுமே, மாமா!" என்றான்.

"படட்டும்" என்றேன்.