யாம் சமைத்த மிதவை விமானம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, சங்கச் செய்யுளொன்றன் நயத்தையோ, மறைந்த ஆசிரியப் பெருமக்களின் மாண்பையோ அவர்கள் எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? அவர்கள் எம்மைப் பொறுத்தருள்க. விழாக் கண்காட்சியிற் கைப்பணிக்கூடத்து இரண்டாம் மேசையில் வைப்பதற்கென யாமும் எம் மகனும் சேர்ந்து ஒரு விமானஞ் செய்தோம். அவ்விமானம் இவ்வுலகில் ஒருநாளும் பறந்ததில்லை. அதனைச் செய்த வரலாறே இங்குக் கூறப்படுவது.

மகன் இக்கல்லூரியில் ஒன்பதாந் தரத்திற் பயில்கின்றான். கண்காட்சிக்கு விமான உருவமொன்று செய்யப்போவதாக அவன் கூறியபோது யாம் ஒரே சொல்லில் மறுத்தோம். காரணம் கூறவில்லை. எம்முடன் பயின்றோர்க்குக் காரணங் கூறவும் வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் வந்த ஆண்டுகளில், ஓசையைக் கொண்டே விமானத்தின் இனத்தைச் சொல்லும் புலமை எமக்கிருந்தது. வினைத்தொகையையும் பண்புத்தொகையையும் வேறு பிரித்தறிய முன்னரே பொம்பரையும் சகடையையும் வேறு பிரித்தறிந்தோம். வகுப்பறைக்கும் பதுங்குகுழிக்கும் இடையே எத்தனை எட்டு என்பதை எம் கால்கள் இன்றும் மறக்கவில்லை. வாங்கில் எமக்கு வலப்புறம் இருந்தவன் ஒருநாள் வரவில்லை. அவன் பெயரை இம்மலரைப் படிப்போருட் பலர் அறிவர். யாம் இங்கு எழுதாது விடுகின்றோம். பட்டத்திற்கு முச்சை கட்டுவதில் அவனை வெல்வார் எம் வகுப்பில் இருந்ததில்லை.

மகன் விடவில்லை. நாளுக்கொரு விமானத்தின் படத்தைக் கொணர்ந்தான். “இது எவர்மேற் குண்டு போட்டது?” என்று யாம் கேட்போம். அவன் படத்தை மடித்துக்கொண்டு போய்விடுவான். இரு கிழமை கழித்து வந்து, “அப்பா, ஒருவர்மேலும் குண்டு போடாத விமானம் ஒன்று கிடைத்திருக்கிறது. ஏனென்றால் அது இல்லவே இல்லை” என்றான். தருக்கம் எமக்குப் பிடித்திருந்தது.

அவன் கண்டெடுத்தது யப்பானியக் கலைஞர் மியாசாக்கி 1992இல் ஆக்கிய ‘பொர்க்கோ றொசோ’ என்னும் சித்திரத் திரைப்படத்தில் வருவது. அவ்வாண்டில் எமது ஊரில் மின்சாரமே இல்லை. அப்படத்தை யாம் அறியாதிருந்ததில் வியப்பில்லை. முதலாம் உலகப் போருக்குப் பிந்திய அதிரியாத்திக்குக் கடலே கதைக்களம். பன்றிமுகம் பெற்ற இத்தாலிய விமானியொருவன் கதைத்தலைவன். அவனுடையது பறக்கும் படகு. உடலே தோணியாக நீரிற் பொருந்துவது. அவனை எதிர்க்கும் அமெரிக்கனுடையதோ மிதவை விமானம்; உடல் நீரைத் தொடாது, கீழே இரு மிதவைகள் தோணிகள்போல் அதனைத் தாங்கும். அதன் பெயர் கேட்டிஸ் ஆர்3சி–0. மகன் விரும்பியது இதனையே.

இரவில் இருவருமாக அப்படத்தைப் பார்த்தோம். போரிலே தோழனை இழந்த கதையைத் தலைவன் கூறும் இடமொன்று உண்டு. முகிலுக்கு மேலே இறந்த விமானிகளின் விமானங்களெல்லாம் வெண்மையான ஓராறுபோல ஓசையின்றிச் செல்லும். தோழனும் எழுந்து அவற்றோடு சேர்வான். அவ்விடத்தில் யாம் எழுந்து கிணற்றடிக்குச் சென்று கால் கழுவிவிட்டு வந்தோம். மகன் ஒன்றுங் கேட்கவில்லை.

இல்லாத விமானத்துக்கும் அளவு வேண்டுமே. அதற்கு மூலமான மெய் விமானம் ஆர்3சி–2 என்பது. 1925 ஒக்ரோபர் 26ஆம் நாள் அமெரிக்காவிலே போல்ரிமோர் நகரில் நடந்த சினைடர் கிண்ணப் போட்டியில், டூலிற்றில் என்னும் படைவீரர் மணிக்கு ஏறத்தாழ 232 மைல் வேகத்தில் அதனைச் செலுத்தி வென்றார். அது பந்தயத்துக்கென்றே பிறந்த விமானம், குண்டுமில்லை, துப்பாக்கியுமில்லை. யாம் மகிழ்ந்தோம். மறுநாளே மகன் வந்து, அதே டூலிற்றில் 1942 ஏப்பிரல் 18இல் 16 குண்டு விமானங்களுக்குத் தலைமைதாங்கித் தோக்கியோ நகரைத் தாக்கியவர் என்றான். அதே மாதம் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பிற் குண்டு போட்டதை யாம் அவனுக்குக் கூறினோம். எதைத் தொட்டாலும் இவ்வாறே முடிந்தது. மியாசாக்கியின் கதையும் அப்படித்தான். 1941இற் பிறந்த அவர், நான்கு வயதில் உற்சுனோமியா நகரம் எரிந்தபோது குடும்பத்தோடு தப்பியோடியவர். அவர்தம் குடும்பத் தொழிற்சாலையோ போர் விமானங்களுக்குச் சுக்கான் செய்து கொடுத்தது. அத்தகையவர் வாழ்நாள் முழுதும் விமானங்களை அத்துணை அன்போடு வரைந்தார். இதனை அறிந்தபின்பே யாம் உளியைக் கையிலெடுத்தோம் என்பதைச் சொல்லிவைக்கின்றோம்.

மெய் விமானத்தின் மேற்சிறகு நுனிக்கு நுனி 22 அடி. இருபத்துநான்கில் ஒரு பங்காகக் கொண்டால் 11 அங்குலம். அடிக்கு அரை அங்குலம் என்பதால் கணக்கிலே தடுமாற்றமில்லை. வேலியில் நின்ற முள்முருக்கின் கிளையொன்றை வெட்டி நிழலில் உலர்த்தி உடலைச் செதுக்கினோம். பாரமற்ற மரம், உளிக்கு எளிதில் இணங்கும். ஆயின் சற்று அவசரப்பட்டாலும் நார் நாராகப் பிளக்கும். இரண்டு உடல்கள் அடுப்புக்குப் போயின. மூன்றாவது உருப்பெற்றது. சிறகுகளுக்கு மெல்லிய பலகை, அவற்றைத் தாங்க மூங்கிற் சீவல், இழுகம்பிக்குத் தங்கூசி. மெய் விமானத்திலே பொறியைக் குளிர்விக்கும் நீர், சிறகின்மேற் பதித்த பித்தளைத் தகடுகளினூடே ஓடியது. அத்தகட்டின் வரிகளை மகன் கூரிய ஊசியால் ஒவ்வொன்றாகக் கீறினான். எழுத்துப் பயிற்சிக் கொப்பியில் ஒருநாளேனும் காட்டாத பொறுமை!

மிதவைகளே எம்மை வருத்தின. மிதவையின் அடிப்புறம் நேராய் ஓடுவதன்று. நடுவே ஒரு படி உண்டு. விமானம் விரைந்து ஓடும்போது நீர் அடிப்புறத்தைப் பற்றிப் பின்னிழுக்கும். அப்படியிலே நீர் அறுந்து விலகுதலால் விமானம் மேலெழ வல்லதாகின்றது. எமது விமானம் எழப்போவதில்லை. ஆயினும் படியை விட்டுவிட மனம் வரவில்லை. உள்ளே குடைந்து, மூடி, மூன்று முறை வாணிசு பூசினோம்.

கிணற்றடித் தொட்டியில் மிதக்கவிட்ட முதல்நாள் வால் அமிழ்ந்து மூக்கு வானைப் பார்த்தது. காரணம் வெளிப்படை. மெய் விமானத்தின் முன்பாகத்தில் 600 குதிரைவலுவுக்கு மேற்பட்ட பொறி அமர்ந்திருக்கும். எமது விமானத்துக்கோ மூக்கும் முருக்கு, வாலும் முருக்கு. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கிவந்து மூக்கைத் துளைத்து ஒன்றொன்றாக இட்டோம். “அப்பா, இன்னும் ஒரு குண்டு போடவேணும்” என்று மகன் உரத்துக் கூறியதுதான் தாமதம், அடுக்களையிலிருந்து எம் அன்னையார் அகப்பையோடு ஓடிவந்தார். “எங்கை? எங்கையடா குண்டு?” முகம் வெளிறியிருந்தது. “அப்பம்மா, இது ஈயக்குண்டு; மீன் வலையிலை கட்டிறது” என்று பேரன் கையை விரித்துக் காட்டினான். அவர் தொட்டிக்கட்டிலே வெகுநேரம் அமர்ந்திருந்தார்.

துப்பாக்கிப் பூசலையும் சொல்லவேண்டும். படத்தில் அவ்விமானத்துக்குத் துப்பாக்கிகள் உண்டு. யாம் அவற்றை வைக்கலாகாதென்றோம். மகன், “வகுப்பில் ஒரெழுத்தை மாற்றி எழுதினாலும் மூலபாடத்தைக் கெடுத்தாய் என்று அடிக்கிறியள். இது மட்டும் இடைச்செருகல் இல்லையா?” என்றான். இது செருகலன்று, நீக்கம் என்று இலக்கணம் பேசிப் பார்த்தோம். அவன் மசியவில்லை. பழைய ஏடுகளைப் பதிப்பித்த அறிஞர் தாம் மாற்றியதை மறைப்பதில்லை, அடியிற் குறிப்பர். அம்முறையே ஈற்றில் இருவர்க்கும் உடன்பாடாயிற்று. மேசையிலுள்ள அட்டையில் மகன் எழுதியிருப்பது வருமாறு: “ஆர்3சி–0. அளவு 24இல் 1. பாடபேதம்: துப்பாக்கிகள் நீக்கப்பட்டன. நிறம் கல்லூரிக் கொடியினுடையது.”

நிறந்தீட்டி உலர்ந்த மாலை, விமானம் தொட்டியிலே சமனாக மிதந்தது. அன்னையார் குனிந்து பார்த்துவிட்டு, “உதுக்குள்ளை ஆளில்லையே மோனை” என்றார். ஆளைச் செய்ய யாம் எண்ணியதே இல்லை. எஞ்சிய முருக்கந் துண்டொன்றை எடுத்துச் சீவத் தொடங்கினோம். தோற்சட்டையும் கண்ணாடியும் அணிந்த விமானியை மகன் எதிர்பார்த்தான். யாம் செதுக்கியது பன்னிரண்டு வயதுப் பையனை. இரண்டரை அங்குலத்துக்கும் குறைவான உருவம். அமர்ந்த நிலையில் அதனிற் பாதி. வெண்சட்டை தீட்டினோம். பிறகு காற்சட்டைக்கு நீலம் தீட்டினோம். “அப்பா, உள்ளே இருத்தினால் தலையும் தோளுந்தான் தெரியும், காற்சட்டையை ஒருவரும் காணார்” என்றான் மகன். அது எமக்குந் தெரியும். நீலம் காயும்வரை பொறுத்திருந்து அவனை உள்ளே இருத்தினோம்.