புகை போன வழி

சாய்ந்தமருதுக் கடற்கரைக்குச் சற்று உள்ளே, எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒழுங்கையில் இருக்கிறது அந்த வீடு. நெருப்பு அணைந்து சில நாட்களாகியும், கருகிய பிளாஸ்டிக்கின் மணம் வாசலிலேயே தொண்டையைப் பிடித்தது. முதலில் உள்ளே போனவர் வயரிங் பாஸ். மெயின் சுவிச் தள்ளியிருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் மேசன் காக்கா குசினிக்குள் கால் வைத்தார். அவர் கையில் சாந்தகப்பை இல்லை, ஒரு சின்னச் சுத்தியல் மட்டும் இருந்தது.

எரிந்த குசினிகளைத் திருத்துகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் நான் இவர்களோடு கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் அலைந்தேன். பார்த்த பிறகு ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த நெருப்பைத் தடுக்கும் வேலை இந்தத் திருத்த வேலைக்குள்தான் இருக்கிறது. அவசரப்பட்டு வெள்ளையடித்தால் அந்தச் சந்தர்ப்பம் கைவிட்டுப் போகும்.

காக்காவும் அதையேதான் தன் பாஷையில் சொன்னார். "எல்லாரும் கேக்கிற, கெதியா அடிச்சித் தாங்க, ஆக்கள் வந்து பாக்காங்க எண்டு. வெள்ளையடிச்சிட்டா நெருப்பு எங்கால வந்திச்செண்டு பொறகு ஆருக்குத் தெரியும்?"

அவர் சுவரைத் தட்டத் தொடங்கினார். சுத்தியலின் பின்பக்கத்தால், ஒரு சாண் இடைவெளி விட்டு, கீழிருந்து மேலே. பூச்சு கல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் 'டங்' என்று இறுகிய சத்தம். சூட்டில் கல்லை விட்டுக் கிளம்பியிருக்கும் இடத்தில் 'பொத்' என்று வெறும் சத்தம். வெறும் சத்தம் வந்த இடத்தையெல்லாம் கரித்துண்டால் வட்டமிட்டார். பார்க்க முழுதாக இருந்த சுவரில், கடைசியில் முக்கால்வாசி வட்டங்களுக்குள் வந்துவிட்டது. அதன்மேல் பெயின்ட் அடித்தால் மாரி மழை தொடங்கும்போது பூச்சு பாளம் பாளமாக விழும் என்றார். ஜன்னலுக்கு மேலிருந்த கொங்கிரீட் லிண்டலில் ஓரிடத்தைச் சுரண்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய கொங்கிரீட் லேசான இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. மண்ணிலும் கல்லிலும் உள்ள இரும்புச் சத்து ஏறக்குறைய 300 பாகை செல்சியஸைத் தாண்டும்போது இந்த நிறத்துக்கு வரும். அந்தச் சூடு பட்ட கொங்கிரீட்டின் பலத்தை நம்ப முடியாது. லிண்டலை உடைத்துப் புதிதாக வார்க்க வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று.

தட்டில் இருந்த அலுமினியச் சட்டி ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. அலுமினியம் உருக 660 பாகை வேண்டும். அதற்குக் கீழ்த்தட்டில் இருந்த பிளாஸ்டிக் டப்பா வாய் கோணியதோடு தப்பியிருந்தது. இந்த இரண்டையும் வைத்தே சூடு எந்த உயரத்தில் நின்றது என்று காக்கா சொல்லிவிட்டார். சுவரில் படிந்த கரி கீழே ஒடுங்கி மேலே விரிந்திருந்தது. ஒடுங்கிய முனை நின்ற இடம் குக்கரின் பின்பக்கம், இறப்பர் குழாய் வந்து சேரும் மூலை.

வீட்டுக்கார ராத்தா தேத்தண்ணிக் கடைகளுக்கு ரோல்ஸும் பெட்டிஸும் பொரித்துக் கொடுத்துப் பிழைப்பவர். முழங்கை வரை கட்டுப் போட்ட கையோடு கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தீக்குச்சியத் தட்டினன், அவ்வளவுதான். காலடியால நீல நெருப்பு ஓடிச்சி. அடுப்புல பத்துறத்துக்கு முன்னுக்கு நெலத்துல பத்திட்டு" என்றார்.

அவர் சொன்னது அச்சொட்டாக நடந்ததுதான். சமையல் எரிவாயுவில் இருக்கும் புரொப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலெழும்பி ஜன்னலால் போகாது. தரையோடு படிந்து மூலைமுடுக்கெல்லாம் தேங்கும். நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். இந்தக் குசினியில் ஜன்னல் நெஞ்சுயரத்தில் இருந்தது. தரை மட்டத்தில் காற்றுப் போக ஒரு ஓட்டைகூட இல்லை.

குழாயின் கதையைக் கல்முனைக் கடைத்தெருவில் குக்கர் திருத்தும் தம்பியிடம் கேட்டேன். அவருடைய மேசைக்குக் கீழே ஒரு பழைய மாப்பேணி நிறையக் கழற்றிப்போட்ட கிளிப்புகள். எல்லாம் துரு. "கடலுக்குக் கிட்ட உள்ள வீட்டுச் சாமான் எண்டா கையில எடுத்த ஒடன தெரியும்" என்றார். உப்புக் காற்று கிளிப்பின் திருகாணியைத் தின்னும், ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைத் தின்னும், சிலிண்டர் நிற்கும் இரும்பு வளையத்தையும் தின்னும். ஈரமான சீமெந்துத் தரையில் சிலிண்டரை நேரே வைத்தால் அடிப்பகுதி இன்னும் வேகமாகப் போகும். ராத்தாவின் குழாயை இரு கையாலும் வளைத்துக் காட்டினார். நிமிர்ந்திருக்கும்போது நல்லதாகத் தெரிந்த இறப்பரில், வளைத்ததும் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. "இத ஆரும் வளைச்சிப் பாக்கிறல்ல" என்றார்.

கசிவைத் தீக்குச்சியால் சோதிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறியது. தேவையானது கொஞ்சம் சவர்க்கார நுரை மட்டும்தான். மூட்டுகளில் பூசினால் கசியும் இடத்தில் குமிழி வரும். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டிய வேலை அது.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாடெங்கும் எரிவாயு வெடிப்புகள், அடுத்தடுத்து. பல வீடுகளில் கண்ணாடி மேற்பரப்புக் குக்கர்கள் சிதறின. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியதையே பிரதான காரணமாகக் கண்டது. நம் ஊர் வெயிலில், ஏறத்தாழ 30 பாகையில், புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனைப்போல நான்கு மடங்குக்குக் கிட்ட வரும். புரொப்பேன் கூடக்கூட வால்விலும் ரெகுலேட்டரிலும் அமுக்கம் ஏறுகிறது. நேற்றுவரை தாக்குப்பிடித்த தேய்ந்த வாஷர் இன்றைக்குத் தோற்கிறது. அந்த நாட்களில் இந்தக் கரையிலும் சிலிண்டரை முற்றத்துக்குத் தூக்கி ஈரச்சாக்குப் போர்த்தி வைத்தவர்கள் இருந்தார்களாம். பாவம், அவர்களுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? சமைக்கும் பெண்ணின் கவனக்குறைவில் பழியைப் போடுவது எல்லோருக்கும் இலகு. அந்தக் குழுவின் முடிவு அப்படிப் பேசியவர்களின் வாயை அடைத்திருக்க வேண்டும்.

பயம் அடங்குவதற்குள் விலை வந்தது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாய். அதுவும் வரிசையில் நின்றால்தான். குசினிகள் விறகுக்குத் திரும்பின. கொல்லையில் கிடுகு வேய்ந்து ஒத்தாப்பு இறக்கி, மூன்று கல் வைத்து, பொச்சுமட்டையும் சிரட்டையும் தென்னம்பாளையும் எரித்தார்கள். காய்ந்த பொச்சுமட்டையை அடுப்புக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைப்பதுதான் வசதி. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பொறி போதும். அந்தக் காலத்து நெருப்புகளைப் பற்றி ஓடாவி ஒருவர் சொன்னார். கிடுகு ஒரு நொடியில் போய்விடும், ஆனால் அடுத்திருக்கும் வீட்டுக் கைமரத்தைப் பிடித்தால்தான் பெரிய சேதம் என்று.

மரத்தைப் பற்றிப் பேசும்போது அந்த ஓடாவியின் முகம் மாறியது. கரியான கைமரத்தை எல்லோரும் கழற்றி எறியச் சொல்வார்களாம். இவர் உளியால் கரியைச் செதுக்கி, நல்ல மரம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, மிச்சத்தின் கனத்தை அளந்துதான் முடிவு சொல்வார். கனமான மரம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத்தான் கரியாகும், மேலே பிடித்த கரியே உள்மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். அதே நெருப்பில் அஸ்பெஸ்டஸ் சீற் படபடவென்று வெடித்துச் சிதறும். அந்தச் சிதறலைக் காய்ந்தபடி கூட்டி அள்ளக்கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. இதைக் கூலிக்கு வரும் சின்னப் பொடியன்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

மின்வெட்டும் அந்த விலையேற்ற வருஷத்துத் துணை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டு. பரணில் கிடந்த குப்பி விளக்குகள் கீழே இறங்கின. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆகும்வரை அவை எரிந்தன. குப்பி விளக்கு தட்டுப்பட்டு விழுந்து எரிந்த உடம்புகளைச் சத்திரசிகிச்சை மேசையில் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர்தான் டொக்டர் விஜய கொடகும்புற. மார்மைட் போத்தலைப்போல குட்டையாக, பாரமாக, உருண்டோடாதபடி பக்கங்கள் தட்டையாக, திருகி மூடும் உலோக மூடியோடு ஒரு விளக்கை அவர் வடிவமைத்தார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விழுந்தாலும் எண்ணெய் கொட்டாது என்பதுதான் அந்த விளக்கின் முழு இரகசியம். நெருப்பு விபத்தை ஒரு பொருளின் வடிவத்தால் தடுக்கலாம் என்று நம் நாட்டுக்குக் காட்டிய மனிதர் அவர். குசினி கட்டுகிறவர்களும் அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பவும் சாய்ந்தமருது வீடு. கரி கழுவுவதற்கு ராத்தாவின் தங்கச்சிமார் வாளியோடு வந்துவிட்டார்கள். காக்கா தடுத்தார். எண்ணெய் கலந்த கரியில் முதலே தண்ணீர் பட்டால் அது சுவருக்குள் ஊறிவிடும். முதலில் காய்ந்த தும்புத் தூரிகையால் மெல்லத் தட்டி இறக்க வேண்டும், பிறகு சவர்க்காரத் தூள் கரைத்த வெந்நீர், அதுவும் கீழிருந்து மேலே. மேலிருந்து தொடங்கினால் வழியும் கறுப்புக் கோடுகள் காய்ந்த சுவரில் நிரந்தரமாகப் பிடிக்கும். இரும்புச் சாமான்களையும் கதவுக் கீல்களையும் அன்றைக்கே கழுவித் துடைக்கச் சொன்னார் வயரிங் பாஸ். எரிந்த வயரின் உறையிலிருந்து வந்த அமிலப் புகை அவற்றில் படிந்திருக்கிறது, கடல் ஈரமும் சேர்ந்தால் ஒரு கிழமைக்குள் துருத் தின்றுவிடும். குசினி வயரை முழுதாக மாற்ற வேண்டும் என்பதிலும் அவர் பிடிவாதமாக நின்றார். செம்புக் கம்பி நன்றாகவே இருந்தது. உறை கையால் தொட்டதும் பொடிந்தது.

பிறகுதான் குசினி எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு. இந்தக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்கிறோம். வாப்பாவும் காக்காமாரும் வெயிலில் உழைத்துக் கட்டுகிறார்கள். ஆனால் அடுப்பு எந்த மூலையில் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்பது அருமை. அன்று ராத்தாவே சொன்னார்: "காக்கா, அடுப்பக் கதவுக்கு அங்கால வெச்சிடாதீங்க. பத்தினா நான் நெருப்பத் தாண்டித்தான் ஓடணும். இந்தப் பக்கம் வைங்க."

காக்கா தன் கணக்கை அழித்துவிட்டுத் திரும்ப அளந்தார். அடுப்பு உள் மூலையில், கதவு சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால். சிலிண்டர் வெளியே, கிறாதிக் கதவு போட்ட சின்னக் கூட்டில், செங்கல் மேல். சுவரைக் குடைந்து செம்புக் குழாய். தரையோடு இரண்டு காற்று ஓட்டைகள், எலி புகாதபடி கம்பிவலை. அடுப்புக்கு மேலிருந்த தட்டு போய்விட்டது. சுவிச் எட்டத்துக்கு மாறியது.

எண்ணெய்ச் சட்டியைப் பற்றியும் பேசினோம். நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் தாச்சி காய்கிறது. எண்ணெய் பற்றிக்கொண்டால் பக்கத்து வீட்டார் வாளித் தண்ணீரோடுதான் ஓடிவருவார்கள், அன்பில் வருகிறவர்கள். அந்தத் தண்ணீர் சட்டிக்குள் போன கணமே ஆவியாகி 1,700 மடங்கு விரியும், எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். அடுப்பை நிறுத்தி, சட்டிக்குப் பொருந்தும் மூடியைப் போட்டு, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். மூடி கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும் என்று ஆணி அடிக்கும் இடத்தையும் ராத்தாவே காட்டினார். அவர் கையில் அன்று யாரோ பற்பசை பூசிவிட்டார்களாம். வைத்தியசாலையில் அதைக் கழுவி எடுத்ததுதான் நெருப்பைவிட நொந்ததாம். முதலில் செய்ய வேண்டியது ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிப்பதுதான்.

கல்முனை மாநகர சபைக்குத் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. 110ஐ அழைக்கலாம். ஆனால் இந்த ஒழுங்கைக்குள் அந்த வண்டி வளையாது. ஒவ்வொரு ஒழுங்கையும் தன் கிணற்றையும் மோட்டரையும் நீண்ட குழாயையும் முன்கூட்டியே எண்ணி வைத்திருக்க வேண்டும், யார் வீட்டு மெயின் சுவிச் எங்கே என்பது உட்பட. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இதை ஒரு வெள்ளிக்கிழமை சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது.

லிண்டல் வார்த்து முடிந்த அன்று காக்காவுக்கு நிந்தவூரிலிருந்து போன். அங்கும் ஒரு குசினி. வருகிற கிழமை கலியாணம், பெயின்ட் வாங்கியாச்சு, ஆள் மட்டும் வந்தால் போதும் என்கிறார்கள். காக்கா சத்தமாகவே பதில் சொன்னார்: "பெயின்ட்ட ஒரு பக்கம் வைங்க மகன். சுவத்தத் தொடாதீங்க. நாளைக்குக் காலையில வயரிங் பாஸக் கூட்டிக்கு வாறன். மொதல்ல வீட்டுல சமைக்கிற ஆளோட கதைக்கணும், அவவ நிக்கச் செல்லுங்க."