நாலு மூலை இல்லாத சரக்கு

மணலியில் டிரெய்லர் என்றாலே கண்டெய்னர்தான் நினைவுக்கு வரும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் இரவு பகலாகப் போய்வரும் நாற்பதடி வண்டிகள். கண்டெய்னரின் அடிமூலைகளில் துளை உண்டு, வண்டியில் ட்விஸ்ட் லாக் உண்டு. நாலையும் திருப்பிப் பூட்டிவிட்டால் அவ்வளவு பெரிய பெட்டியும் வண்டியோடு ஒன்றாகிவிடும்.

அந்த வேலையிலேயே கை பழகிய பையன்களிடம் ஒரு மினி டிராக்டரைக் கட்டச் சொன்னால், "இதுல என்னண்ணே இருக்கு, ரெண்டு பெல்ட் போதும்" என்பார்கள். எடை குறைவு என்பது உண்மைதான். பக்கத்துச் செம்பியத்தில் வேரூன்றிய டாஃபே நிறுவனத்தின் மேஸி பெர்குசன் 1035 டிராக்டரே சுமார் 1,700 கிலோதான். மினி டிராக்டர்களில் சின்னவை 650 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் டிராக்டருக்கு மூலை கிடையாது. காற்றடைத்த டயர்மேல் நிற்கிற சரக்கு அது. எங்கே பிடித்தால் அடங்கும் என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சரக்கைக் கட்டும் இந்த லாஷிங் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

முதலில் தளத்தைக் கூட்டுவேன். எங்கள் பக்கத்து வண்டிகளில் நிலக்கரித் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாத தளம் அரிது. அதன்மேல் ரப்பர் டயர் வழுக்கும். டயர் நிற்கும் இடங்களில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டுகளைப் போட்டால் நல்ல பிடி கிடைக்கும்.

சரிவுப் பலகையில் டிராக்டரை ரிவர்ஸில்தான் ஏற்ற வேண்டும். எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இருக்கிறது. மூக்கு மேலே பார்க்க ஏறும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால், சக்கரம் நகராமல் முன்பக்கம் கிளம்பி, ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். சுதாரிக்க ஒரு விநாடிகூடக் கிடைக்காது. எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ரிவர்ஸில் ஏற்றிய டிராக்டரின் முகம் பின்னால் பார்த்திருக்கும். போகும் வேகத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து பானெட்டுக்குள் புகும். அதனால் பானெட்டையும் ஒரு கயிற்றால் கட்டிவிடுவது நல்லது.

இனி கொக்கி. பின்பக்கம் ஆக்சில் கூட்டைப் பிடிக்கலாம், சேசிஸோடு சேர்ந்த டிராபாரைப் பிடிக்கலாம். மட்கார்டு, ஸ்டியரிங் ராடு, ஹைட்ராலிக் கைகள் ஆகாது. முன்பக்கத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஊஞ்சலாடும்படி அமைந்தது. வயலில் மேடுபள்ளம் சமாளிக்க அந்த ஏற்பாடு. அதை மட்டும் இறுக்கினால் ஆக்சில் நிற்கும், உடம்பு ஆடும். எடைக்கட்டி மாட்டுகிற முன் சட்டத்தைப் பிடித்தால்தான் உடம்பு அடங்கும். பின்னால் மண் கிளறும் ரொட்டவேட்டர் இருந்தால் தளத்தில் இறக்கி வைத்து, அதற்குத் தனிக் கட்டு போட வேண்டும்.

நாலு கட்டும் நாலு திசைக்கு விரிய வேண்டும். ஐரோப்பியச் சாலை விதிப்படி, சரக்கின் எடையில் 80 சதவீத அளவு விசை முன்னோக்கித் தள்ளினாலும், 50 சதவீதம் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ தள்ளினாலும் அது அசையக் கூடாது. டிராக்டரும் ரொட்டவேட்டரும் சேர்ந்து 1,000 கிலோ என்றால், அவசர பிரேக்கில் 800 கிலோ அளவு விசையைத் தாங்கி நிறுத்தியாக வேண்டும். பெல்ட் தளத்தோடு 45 டிகிரி சாய்வில் நேர் பின்னோக்கி இழுத்தால் அதன் பலத்தில் 70 சதவீதம் அந்த வேலைக்குக் கிடைக்கும். 60 டிகிரிக்கு நிமிர்ந்துவிட்டால் பாதிதான். முடிச்சுப் போட்ட பெல்ட் கிட்டத்தட்ட பாதி பலத்தை இழக்கிறது என்பதைப் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை எல்லாமே வேண்டும். ஆனால் அவை கட்டுக்கு ஈடாகாது.

இறுக்கும்போது டயர் அமுங்குகிறது. முதல் சில பள்ளங்களில் வண்டி குலுங்கியதும் டயரும் பெல்ட்டும் தம்மைச் சரிசெய்துகொண்டு கட்டு தளர்ந்துவிடும். அதனால் பொன்னேரிப் பக்கம் நெல் வயலுக்குப் போகிற டிராக்டர் என்றால், மணலி புதுநகர் தாண்டி மீஞ்சூருக்கு முன்பாகவே டிரைவரை நிறுத்தச் சொல்லி, ராட்செட்டை மறுபடி இறுக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்துக்கு முகம் சுளிக்கும் டிரைவரோடு நான் சண்டை போட்டாவது அதை வாங்கிவிடுவேன்.

வண்டி திரும்பியதும் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பது வழக்கம். கடல் உப்பில் ராட்செட் துருப்பிடிக்கும், வெயிலில் பெல்ட்டின் இழை வெளுத்து மொடமொடக்கும். ஓரம் அறுந்த பெல்ட்டைக் குப்பையில் மட்டும் போட்டால் போதாது, துண்டாக வெட்டித்தான் போட வேண்டும். முழுதாக விட்டால் அடுத்த ஷிப்டில் யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள்.