நெகட்டிவ் என்றால் நோயே இல்லை என்று அர்த்தமா?



கண் காய்கிறது, வாய் காய்கிறது என்று ஒரு பெண் சொன்னால் எங்கள் ஊரில் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். தண்ணீர் குடியுங்கள், வெயில் கூட, வயசாகிறதுதானே.

எங்கள் மூத்த ராத்தாவுக்கு நான்கு வருடமாக இந்தப் பதில்கள்தான் கிடைத்தன. கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி உறுத்தல். தண்ணீர் இல்லாமல் ஒரு பிஸ்கட்டை விழுங்க ஏலாது. பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொத்தையாகின. நோன்பு நாளில் எல்லோருக்கும் வாய் காயும். ராத்தாவுக்கோ நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, தராவீஹ் முடிந்த பிறகும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

கடைசியில் மூட்டுவாத நோய் விசேட வைத்திய நிபுணர் ஒருவர்தான் ஷோகிரன் நோயாக இருக்கலாம் என்று சந்தேகித்தார். எங்களைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, கண்ணீர்ச் சுரப்பிகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்கும் நோய் இது. 1933 இல் இதை விரிவாக எழுதிய சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர் ஹென்ரிக் ஷோகிரனின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. பாதிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள்.

இரத்தத்தில் ஏ.என்.ஏ., அன்டி-ரோ, அன்டி-லா ஆகிய பிறபொருளெதிரிகளைப் பார்க்கச் சொன்னார்கள். ரோ, லா என்பவை ஆரம்பத்தில் இவை கண்டறியப்பட்ட நோயாளிகளின் பெயர்களிலிருந்து வந்த எழுத்துகள்.

ரிப்போர்ட் வந்தது. ஏ.என்.ஏ. பொசிட்டிவ், ரோவும் லாவும் நெகட்டிவ். உடனே குடும்பத்துக்குள் இரண்டு கட்சிகள். "பொசிட்டிவ் என்று இருக்கிறதே" என்று ஒரு பக்கம் அழுகை. "முக்கியமானது நெகட்டிவ்தானே, ஒன்றுமில்லை" என்று மறுபக்கம் நிம்மதி. டொக்டர் இரண்டையும் ஏற்கவில்லை. ஏ.என்.ஏ. நல்ல சுகதேகிகள் பலருக்கும் பொசிட்டிவாக வரும். ஷோகிரன் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அன்டி-ரோ நெகட்டிவாகவே இருக்கும்.

பரீட்சைப் புள்ளி போடும் எங்களுக்கு அவர் சொன்ன கணக்கு இலகுவாக விளங்கியது. ஆய்வுகளுக்காக 2016 இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாதச் சங்கங்கள் ஒரு புள்ளி முறையை வெளியிட்டன. வைத்தியர்களும் அதை ஒரு வழிகாட்டியாகப் பார்க்கிறார்கள். அன்டி-ரோ பொசிட்டிவ் என்றால் 3 புள்ளி. உதட்டுத் திசுப் பரிசோதனையில் குறிப்பிட்ட அளவு அழற்சி தெரிந்தால் 3 புள்ளி. கண்ணின் மேற்பரப்புப் பாதிப்பு, கண்ணீரின் அளவு, உமிழ்நீரின் அளவு ஆகியவற்றுக்குத் தலா 1. மொத்தம் 4 வந்தால் சித்தி. அதாவது, இரத்தப் பரிசோதனை மட்டும் யாரையும் சித்தியடையச் செய்யாது, கோட்டை விடவும் செய்யாது.

ராத்தாவின் கீழ் இமையில் தாள் துண்டை வைத்து 5 நிமிடம் பார்த்தார்கள். 3 மில்லிமீற்றர்தான் நனைந்தது. 5 அல்லது அதற்குக் குறைவு என்றால் 1 புள்ளி. பிறகு, விறைக்க ஊசி போட்டு, கீழ் உதட்டின் உட்புறத்திலிருந்து சில சிறு சுரப்பிகளை எடுத்து அனுப்பினார்கள். அதில் 3 புள்ளி. நோய் உறுதியானது.

மறுபக்கமும் உண்டு. அன்டி-ரோ பொசிட்டிவ் என்பதற்காக ஷோகிரன் என்று முடிவெடுக்க முடியாது. லூபஸ் நோயிலும் வரும், எந்த நோயும் இல்லாதவருக்கும் வரும். ஆனால் கர்ப்பிணி ஒருவருக்கு அது பொசிட்டிவ் என்றால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். 100 பேரில் சுமார் 2 பேரின் சிசுவுக்கு இதயத் துடிப்பு தடைப்படும் பிரச்சினை வரக்கூடும் என்பதால் ஸ்கேன் மூலம் கவனிப்பார்கள்.

"வெறும் காய்ச்சல்தானே, பெயர் தெரிந்து என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நோய் நுரையீரல், சிறுநீரகம், நரம்புகளையும் தொடலாம். லிம்போமா எனும் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட இவர்களுக்குக் கூட. அதனால்தான் ராத்தா இப்போது தவறாமல் கிளினிக் போகிறார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, பல்லுக்கு புளோரைட், றமழானுக்கு முன்பு வைத்தியரிடம் ஆலோசனை.

எங்கள் வேண்டுகோள் இதுதான். மூன்று மாதத்துக்கு மேல் கண்ணோ வாயோ தினமும் காய்ந்தால், காய்ந்த உணவை விழுங்க ஒவ்வொரு முறையும் தண்ணீர் தேவைப்பட்டால், வைத்தியரைப் பாருங்கள். பாவிக்கும் எல்லா மருந்துகளையும் கொண்டு போங்கள். ஒவ்வாமைக்கான சில குளிசைகளும் வாயைக் காயவைக்கும். ரிப்போர்ட் கைக்கு வந்தால் அதை வீட்டிலிருந்து தீர்ப்புச் சொல்லாமல் எழுதிக் கொடுத்தவரிடமே காட்டுங்கள்.

உங்கள் உம்மாவோ ராத்தாவோ "காய்கிறது" என்று சொன்னால், முதலில் எவ்வளவு நாளாக என்று கேளுங்கள்.