கைதட்டாத அம்மா

அலாஸ்கா கப்பலில் எங்களுக்கு முக்கியமான நாள் கிளேசியர் பே. பொழுது விடியும்போதே அம்மா புடவை மேல் ஸ்வெட்டர், அதன் மேல் என் கோட்டு, தலையில் மங்கி குல்லா என்று தயாராகிவிட்டார். ஜூன் மாசம்தான். ஆனா அந்தக் குளிருக்கு அது தெரியலை.

கப்பல் அங்கே எங்கேயும் கரையில் நிற்காது. வளைகுடா வாசலில் தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கிற கப்பலில் ஏறிக்கொள்கிறார்கள். பெரிய கப்பல்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டுக்குத்தான் அனுமதி. அதனால் இரண்டு பக்கமும் மலை, நடுவில் பச்சைத் தண்ணி, நாங்க. அவ்வளவுதான்.

ரேஞ்சர் மைக்கில் சொன்னது எனக்குப் புதுசு. 1794-இல் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இங்கே வந்தபோது வளைகுடாவே இல்லையாம். வாசலை அடைத்துக்கொண்டு ஒரே பனிச்சுவர், சில இடங்களில் 4,000 அடி கனம். 1879-இல் ஜான் மியூர் வந்தபோது அது 30 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916-இல் சுமார் 60 மைல். பனி அரைத்துக் குடைந்த பள்ளத்தில் கடல் உள்ளே வந்து நிரம்பியதுதான் இந்த ஃபியோர்டு. அதாவது, எங்கள் கப்பல் போய்க்கொண்டிருந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் பனிக்கட்டி.

பத்து மணி சுமாருக்கு மார்ஜரி பனியாறு முன்னால் கப்பல் நின்றது. ஒரு மைல் அகலம், தண்ணிக்கு மேல் சுமார் 250 அடி உயரம். நீலம்னா அப்படி ஒரு நீலம். இறுகிய பனி சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்வதால் அப்படித் தெரியுமாம்.

திடீர்னு இடி மாதிரி சத்தம். ட்லிங்கிட் மக்கள் அதை 'வெள்ளை இடி' என்கிறார்கள். வீடு அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து கடலில் விழுந்தது. டெக் முழுக்க ஒரே விசில், கைதட்டல். நானும் தட்டினேன்.

"ஏண்டா, இடிஞ்சு விழறதுக்குப் போய் யாராவது கை தட்டுவாளா?" என்றார் அம்மா.

கடலைத் தொடுகிற பனியாறு இப்படி உடைவது இயற்கைதான், மேலே மலையில் பெய்கிற பனி கீழே தள்ளிக்கொண்டே இருக்கும் என்று ரேஞ்சர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அம்மா சமாதானம் ஆகலை. போன தை மாசம்தான் கும்பகோணம் பக்கத்து வீட்டை வித்தோம். புனேயிலிருந்து யார் போய்ப் பார்த்துக்கறது என்று பிடிவாதமா நின்னது நான்தான். அம்மா அன்னைக்கு ஒண்ணும் பேசலை. அப்புறமும் பேசலை.

மத்தியானம் ஹூனா ட்லிங்கிட் இனத்துப் பெண்மணி ஒருத்தர் பேசினார். இங்கேதான் அவங்க முன்னோர் ஊர்கள் இருந்தன. 1700-களில் பனி முன்னேறி வந்து எல்லாரையும் விரட்டிவிட்டது. நாய் ஓடுகிற வேகத்தில் வந்தது என்பது அவங்க வழிவழியாகச் சொல்லும் கதை. ஓடினவங்க நீரிணைக்கு அந்தப் பக்கம் குடியேறினார்கள். பனி பின்வாங்கின பிறகும் திரும்பிக் குடியேற முடியலை, இடம் தேசியப் பூங்கா ஆகிவிட்டது. கடைசியில் 2016-இல்தான் பார்ட்லெட் கோவ் என்கிற இடத்தில் அவங்களுக்கென்று மரபு வீடு ஒண்ணு எழும்பியது.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா குல்லாவைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"இப்ப அதுல யாராவது குடியிருக்காளா?"

"இல்லேம்மா. சடங்கு, விசேஷம்னா வந்து கூடுவாங்க. அப்புறம் போயிடுவாங்க."

"போறுமே. வந்து போறதுக்கு ஒரு வீடு இருந்தாப் போறும்டா."

எனக்குப் பதில் வரலை. சாயங்காலம் ரேஞ்சர்கள் படகில் இறங்கிப் போனபோது அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினார். பக்கத்தில் நானும் நின்றேன்.