பகிடியும் வதையும்

கனடாவில இருந்து பெரியப்பா வந்தால் எங்கட வீட்டில இரவு பன்னிரண்டு மணிக்கு முதல் லைற் அணையாது. இந்த முறையும் அப்பிடித்தான். அவர் 1981இல் கம்பஸுக்கு எடுபட்டவர். ஹொஸ்டல் அறை, கன்ரீன் பிளேன்ரீ, லீவுக்கு யாழ்தேவியில் இருக்க இடமில்லாமல் கதவடியில் நிண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது எண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார்.

அவரின்ர பட்ச்சில் பாதிப்பேர் இப்ப ரொறன்ரோ, லண்டன், சிட்னி. ஆனால் வட்ஸ்அப் குழுமத்தில் இண்டைக்கும் ஆளை ஆள் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவினம். 60 வயது தாண்டின டொக்டரையும் எஞ்சினியரையும் அந்தப் பெயரால் கூப்பிடக் கேட்டால் சிரிப்பு வரும். எல்லாம் ராக்கிங்கில் சீனியர்மார் வைச்ச பெயர்கள்.

"ராக்கிங் இல்லாட்டி நாங்கள் ஒரு பட்ச்சாவே ஆகியிருக்க மாட்டம்" எண்டார்.

இது எனக்குப் புதுக் கதையில்லை. எங்கட சீனியர் அண்ணாமாரும் எங்களுக்கு இதைத்தான் சொன்னவை. போன வருசம் நாங்கள் எங்கட ஜூனியர்ஸுக்கும் இதையே சொன்னனாங்கள்.

"உங்களுக்கு உண்மையாவே ஆபத்து வந்த நேரம் ஆர் வந்து நிண்டது, பெரியப்பா?" எண்டு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 1983 ஜூலைக் கலவரத்தில் அவர் கொழும்பில் மாட்டுப்பட்டபோது, பட்ச்சில் இருந்த ஒரு சிங்கள நண்பன்தான் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒளிச்சு வைச்சிருந்தானாம்.

"அவரோட சிநேகிதம் ராக்கிங்கிலயா வந்தது?"

"இல்லையடா. மெஸ்ஸில ரெண்டு பேரும் ஒரே மேசை. அவன் எனக்குச் சிங்களம் சொல்லித்தந்தான். நான் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்தன்."

சொல்லிப்போட்டு அவரே யோசிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு, நான் கேட்காமலே இன்னொரு ஆளைப் பற்றிச் சொன்னார். முதல் நாள் அவரோட ஒரே ரெயினில் வந்த பொடியன். இரண்டாம் கிழமை, ஒரு இரவு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை போனவன். திரும்பி வரவேயில்லை. ஆரும் தேடிப் போகவுமில்லை. "அவன்ர சொந்தப் பெயர்கூட இப்ப ஞாபகமில்லை. பட்டப்பெயர் மட்டும்தான் ஞாபகம்" எண்டார்.

ராக்கிங்கைத் தமிழில் 'பகிடிவதை' எண்டு எழுதுறம். அதில் நிலைச்சு நிண்டவைக்குப் பகிடிதான் ஞாபகத்தில் இருக்கு. போனவைக்கு வதை. ஆனால் நாற்பது வருசம் கழிச்சுக் கதை சொல்லுறவை நிண்டவை மட்டும்தான். அதனாலதான் எல்லாக் கதையும் சிரிப்பாக முடியுது எண்டு நினைக்கிறேன்.

சில பேர் வீட்டுக்கும் திரும்பவில்லை. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையால் இறந்தார். அடுத்த வருசம், 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருசம் வரை சிறை. கடும் காயம் ஏற்படுத்தினால் பத்து வருசம் வரை. சட்டம் வந்து இவ்வளவு காலமாகியும் ஒவ்வொரு புது பட்ச்சுக்கும் நாங்கள் அதே 'ஒற்றுமை' கதையைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறம்.

போன வருசம் எங்கட ஜூனியர்ஸிலும் ஒருவன் மூன்றாம் கிழமையோட வரவில்லை. நான் அவனை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. பின்னால நிண்டு சிரிச்சனான். இவ்வளவு நாளும் அதை ஒரு குற்றமாகவே நான் எண்ணவில்லை.

பெரியப்பா போன அடுத்த நாள் அவனின்ர நம்பரைத் தேடி எடுத்தேன். முதலில் விசாரித்தது அவனின்ர சொந்தப் பெயரை. இரண்டு தரம் அடிச்சன், எடுக்கவில்லை. "மன்னிச்சுக்கொள். திரும்பி வர விருப்பம் எண்டால், அலுவலகத்துக்கு நானும் கூட வாறன்" எண்டு மெசேஜ் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

அடுத்த மாதம் புது பட்ச் வருது. இந்த முறை நான் மெஸ் மேசையில்தான் இருப்பேன். பக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருக்கும்.