சனீஸ்வரன் ஊரிலிருந்து நீலக்கல் ஊருக்கு

நெல்லை சந்திப்பிலிருந்து திருச்செந்தூர் போகும் பாசஞ்சர் ரயிலில் ஒரு சனிக்கிழமை காலை ஏறிப் பாருங்கள். நல்லெண்ணெய் பாட்டிலும் எள்ளுப் பொட்டலமுமாக ஒரு கூட்டம் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கும். அங்குள்ள கைலாசநாதர் கோயில் நவகைலாயத்தில் சனிக்குரிய தலம். கொஞ்ச தூரத்தில் இருக்கும் பெருங்குளம் நவதிருப்பதியில் சனிக்குரிய தலம். சிவனிடம் போனாலும் பெருமாளிடம் போனாலும் சனி பகவானைப் பார்த்துவிடலாம். தாமிரபரணிக்காரர்களுக்கு இந்த வசதி உண்டு.

அந்தக் கூட்டத்தோடு இறங்காமல் ரயிலிலேயே உட்கார்ந்திருந்தால் ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி தாண்டிக் காயல்பட்டினம் வரும். சனிக்கு உகந்தது என்று சொல்லப்படும் நீலக்கல்லை வாங்கி விற்றே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த குடும்பங்கள் இருக்கும் ஊர் அது. பரிகாரம் ஒரு ஸ்டேஷனில், பரிகாரக் கல் இன்னொரு ஸ்டேஷனில். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

நீலம் இந்த ஆற்றில் கிடைப்பதில்லை. நம் கடற்கரை மணலைச் சிவப்பாக்குவது கார்னெட் மணிகள். நீலம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பக்கத்துக்கும் இதே பெயர்தான். அசோகர் கல்வெட்டில் வரும் ‘தம்பபம்னி’யும் கிரேக்கர்கள் எழுதிய ‘தப்ரபேன்’னும் இலங்கையைத்தான் குறிக்கின்றன என்பார்கள். இரண்டும் தாமிரபரணி என்ற சொல்லின் சாயல். ஆற்றுக்கும் தீவுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம்.

கழிமுகத்தில் கொற்கை முத்துக்குப் பேர் போனது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட, துறைமுகம் கீழே நகர்ந்து பழையகாயலுக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ வந்து இறங்கிய ‘காயல்’ இதுதான் என்று இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் அடையாளம் காட்டினார். அங்கேயும் மணல் மேடிட்டது. துறைமுகம் போனாலும் கடல் வியாபாரம் தெரிந்த மக்கள் போய்விடவில்லை. முத்துக்குளிப்பு 1961-ல் கடைசியாக நடந்து நின்றுபோனது. கல் வியாபாரம் மட்டும் நிற்கவில்லை.

காயல்பட்டினத்துத் தெருக்கள் பகலில் அமைதியானவை. நான் போன வீட்டுத் திண்ணையில் வடக்கு வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி. எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவரை எல்லோரும் ‘காக்கா’ என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். இளவயதில் கொழும்பிலும் ரத்தினபுரியிலும் இருந்தவர். மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். ஏமாற்றமாக இருந்தது. குளத்தங்கரையில் கிடந்தால் குனிந்துகூட எடுக்க மாட்டோம், அப்படி ஒரு மங்கல் கல்.

“வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க தம்பி” என்றார்.

பிடித்தேன். ஒரு முனையில் மட்டும் நீலம், மை தொட்ட மாதிரி. மற்றதெல்லாம் தண்ணீர் நிறம்.

பட்டை தீட்டாத கல்லை வாங்குவது ஒரு சூதாட்டம் என்றார் அவர். பட்டை தீட்டும்போது பெரும்பாலும் பாதி எடைக்கு மேல் போய்விடும். உள்ளே விரிசல் இருந்தால் மிச்சமும் போகும். இலங்கைப் பட்டறைக்காரர்கள் அந்தச் சின்ன நீலப் புள்ளியைக் கல்லின் அடிமுனையில் வருகிறாற்போல வெட்டுவார்கள். மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நீலமாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இது மோசடி இல்லை, கைத்திறன்.

நீலமும் மாணிக்கமும் அண்ணன் தம்பி. இரண்டும் அலுமினியம் ஆக்சைடுதான். குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். இந்தக் கல் வகைக்கு நம் முன்னோர் வைத்த ‘குருந்தம்’ என்ற பெயர்தான் ‘கொரண்டம்’ ஆகி இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இனிமேல்தான் விஷயம். இலங்கைக் குழிகளில் பால் கலந்தது போல மங்கலாக ஒரு வகைக் கல் கிடைக்கும். ‘கெவுடா’ என்பார்கள். ஒரு காலத்தில் அதற்கு மதிப்பே இல்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அதைச் சல்லிசாக அள்ளிப்போய் உலையில் வைத்தார்கள். 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில், மங்கலுக்குக் காரணமான நுண்ணிய ஊசிகள் கரைந்து, அவற்றிலிருந்த டைட்டானியம் கல்லுக்குள் கலந்து, பளிச்சென்ற நீலம் வந்துவிட்டது. இன்று கடையில் பார்க்கும் நீலக்கல்லில் பெரும்பாலானவை இப்படிச் சூடு கண்டவைதான்.

சூடு கண்ட கல் போலி இல்லை. நிறமும் நிரந்தரமானது. ஆனால் சூடே காணாமல் நல்ல நிறத்தோடு மண்ணிலிருந்து வரும் கல் அபூர்வம். அதனால் விலை பல மடங்கு. சேகரிப்பவர்கள் தேடி அலைவது அதைத்தான். நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் 563 கேரட் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’வும் இலங்கைக் கல்தான், பெயர்தான் இந்தியா. அதன் மேல் தெரியும் நட்சத்திரம் அந்த ஊசிகள் செய்யும் வேலை. அந்தக் கல்லை உலையில் வைத்திருந்தால் நட்சத்திரம் காணாமல் போயிருக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை என் கண்ணில் வைத்துக் காக்கா காட்டினார். கல்லுக்குள் பட்டு நூல் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஊசிகள். முழுசாக, உடையாமல் இருந்தன. சூடு பட்டால் இவை புள்ளி புள்ளியாகச் சிதறும் அல்லது மறையும். “குறைதான் தம்பி இதுக்குச் சாட்சி” என்றார். சுத்தமான கல்லைத்தான் அவர் சந்தேகப்படுகிறாராம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கம். மகனுக்கு மூன்று வருடமாக வரன் தட்டிப்போகிறது. ஜோசியர் சொன்னார் என்று வெளியூர்க் கடை ஒன்றில் நீலக்கல் மோதிரம் வாங்கியிருக்கிறார்கள். அதற்காக அந்த அம்மா இரண்டு வளையலைக் கொடுத்திருக்கிறார். இப்போது அவசரத்துக்கு நகைக்கடன் வைக்கப் போனால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் பணம் தருகிறார்கள். கல்லுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்க வந்திருந்தார்.

காக்கா மோதிரத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார். உள்ளே ஊசிகள் எதுவும் இல்லை. இசைத்தட்டில் இருப்பது போல வளைந்து வளைந்து மெல்லிய கோடுகள். மண்ணில் விளைந்த கல்லில் நிறக் கோடு நேராக, முக்கில் மடங்கித்தான் ஓடும். வளைந்து ஓடினால் அது தொழிற்சாலையில் வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரரின் முறையில் தயாரானது. நூறு வருடத்துக்கு மேலாக நடக்கும் தொழில்.

“பில் இருக்காம்மா?”

அந்த அம்மா மணிபர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தங்கத்தின் எடை, ஹால்மார்க், செய்கூலி, சேதாரம் எல்லாம் இருந்தது. கல் இருந்த வரியில் ‘நீலக்கல் 1’. இயற்கையா, சூடு கண்டதா, பரிசோதனைச் சான்றிதழ் எண் என்ன, எதுவும் இல்லை. ஹால்மார்க் தங்கத்துக்குத்தான், கல்லுக்கு இல்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

“கல்லு நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா மண்ணுல பொறந்தது இல்ல” என்றார் காக்கா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், “இது சனி பகவானுக்குத் தெரியுமாய்யா?”

“அதை நீங்க கோயில்லதான் கேக்கணும். எனக்குக் கல்லைப் பத்தி மட்டும்தாம்மா தெரியும்.”

மகன் மோதிரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான். அவர் அதைப் பில்லோடு சேர்த்து மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டு, வாங்கின கடை இன்று திறந்திருக்குமா என்று அவனிடம் கேட்டபடியே திண்ணையை விட்டு இறங்கினார்.